லூயியா, மாயெலா? பிரெஞ்சுக் குழந்தைப் பெயர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பிரெஞ்சுப் பெயர் தேடுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல்தான். பெயர், எதிரே ஒரு வரியில் பொருள். லூயி என்றால் புகழும் போரும், குளோயே என்றால் பசுந்தளிர். பொருள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பிரான்ஸில் ஒரு பெயரைக் கேட்டவுடனே அந்த ஆளுக்கு என்ன வயதிருக்கும், எந்தப் பக்கத்து ஊர், எப்படிப்பட்ட குடும்பம் என்று கேட்பவர் மனம் கணக்குப் போட்டுவிடும். பட்டியல் இதைச் சொல்வதில்லை. அதனால் பொருளோடு அது வந்த வழியையும் சேர்த்துத்தான் பெயர்களை ஒப்பிட வேண்டும். இங்கே விவிலியத்திலிருந்தும் புனிதர்களிடமிருந்தும் வந்த பெயர்கள், ஃபிராங்க் அரசர்களின் பெயர்கள், பிரெத்தாஞ் பகுதிப் பெயர்கள், பிறகு புதிதாகக் கிளம்பிய பெயர்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். புரட்சிக் காலத்தில் பெற்றோர்கள் பழைய புனிதர்களை ஒதுக்கிவிட்டு விருப்பம்போலப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். நெப்போலியன் ஆட்சி அதற்குக் கடிவாளம் போட்டது. 1803 ஏப்ரல் 1 தேதியிட்ட சட்டப்படி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் பெயரைக் குறிக்கும் நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் மட்டுமே பதிவு செய்யலாம். 1966இல் ஓர் அரசாணை இதைத் தளர்த்தியது. 1993இல்தான் பெற்றோருக்கு முழு உரிமை வந்தது. ஆக, ஏறக்குறைய 190 ஆண்டுகள் பிரெஞ்சுப் பெயர் என்பது பெரும்பாலும் நாட்காட்டியில் இருந்த பெயர்.

அந்த நாட்காட்டியால் அதிகம் வளர்ந்தவை விவிலிய, புனிதர் பெயர்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க முதலிடத்தில் இருந்தவை மரீயும் ழானும். ழான் எபிரேய யோகனானின் வழிவந்தது. ‘கடவுள் அருளுள்ளவர்’ என்று பொருள். ஒரே தெருவில் பல ழான்கள் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? ழான்-பியேர், ழான்-குளோத், மரீ-குளேர் என்று இரட்டைப் பெயர்கள் பெருகின. 1940, 50களில் பிறந்த தலைமுறையில் இவை ஏராளம். இன்று பச்சைக்குழந்தைக்கு ழான்-குளோத் என்று வைத்தால் தாத்தா பெயரை வைத்ததாகத்தான் நினைப்பார்கள். அதே விவிலியத்திலிருந்து வந்த கப்ரியேல் 2023இல் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்தது. ‘கடவுள் என் வலிமை’ என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று. மூலமும் சமயமும் ஒன்றாக இருந்தும், ஒன்று முதுமையாகவும் மற்றது இளமையாகவும் ஒலிக்கிறது.

இவற்றை ஃபிராங்க் பெயர்களோடு ஒப்பிட்டால் என் மனம் ஃபிராங்க் பக்கம்தான் சாய்கிறது. பிரான்ஸ் என்ற பெயரையே நாட்டுக்குக் கொடுத்தவர்கள் இந்த ஜெர்மானிய இனக்குழுவினர். இவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கோத்துச் செய்யப்பட்டவை. ‘ஹ்லோத்’ என்றால் புகழ், ‘விக்’ என்றால் போர். இரண்டும் சேர்ந்தால் ஃபிராங்க் அரசர் ஒருவரின் பெயரான குளோவிஸ். அந்தப் பெயரே தேய்ந்து லூயி ஆனது. லுதோவிக் என்பதும் அதன் மற்றொரு வடிவம். குளோவிஸின் மனைவி குளோத்தில்து பெயரிலும் அதே ‘ஹ்லோத்’ உண்டு; ‘ஹில்து’ என்பதும் போரையே குறிக்கும். மத்தில்து என்றால் வலிமையும் போரும். அந்தக் காலத்தில் தந்தையின் பெயரிலிருந்து ஒரு பாதி, தாயின் பெயரிலிருந்து ஒரு பாதி என்று எடுத்துப் பிள்ளைக்குப் பெயர் கட்டும் வழக்கமும் இருந்தது. அதனால் இரண்டு பாதிகளும் சேர்ந்து எப்போதும் ஒரு முழு வாக்கியப் பொருளைத் தர வேண்டும் என்றில்லை. பட்டியல்களில் ‘புகழ்பெற்ற போர்வீரன்’ என்று எழுதியிருப்பது நாம் பின்னாளில் சேர்த்துப் படிக்கும் பொருள்.

லூயி என்ற பெயரின் பலம் அதன் தொடர்ச்சி. அரசர்களின் எண்வரிசை 18 வரை போனது. மன்னராட்சி ஒழிந்த பிறகும் பெயர் ஒழியவில்லை. இன்றும் முதல் பத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. பெண்பால் லூயீஸ் 2023இல் முதலிடத்துக்கே வந்தது. அலீஸ், அதேல் இரண்டும் ‘உயர்குடி’ என்ற ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. அவையும் பாட்டி காலத்திலிருந்து மீண்டு வந்திருக்கின்றன. அலியெனோர் மட்டும் வேறு வகை. 12ஆம் நூற்றாண்டில் அக்கித்தேன் பகுதியை ஆண்ட கோமகளால் புகழ்பெற்ற பெயர் அது. தாயின் பெயர் அயெனோர் என்பதால் மகளுக்கு ‘மற்றொரு அயெனோர்’ என்று வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அழகான பெயர்தான், ஆனால் இன்றைய பிரான்ஸில் அது வசதியான, மரபைப் பிடித்துக்கொண்ட குடும்பத்தின் சாயலோடு வரும்.

அடுத்து பிரெத்தாஞ். வடமேற்கில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியின் மொழி பிரெஞ்சின் கிளையே அல்ல. வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய கெல்ட்டிக் மொழி. மாயெல் என்றால் தலைவன் அல்லது இளவரசன். குவெனாயெல் என்பதில் முதல் பாதி வெண்மை, தூய்மை, பின்பாதி பெருந்தன்மை. நொல்வென் என்றால் நொயால் என்ற ஊரின் தூயவள். யான் என்பது ழானின் பிரெத்தோன் வடிவம்.

பாரிஸ் நாட்காட்டியில் இல்லாத இப்பெயர்களுக்காக மக்கள் உண்மையாகவே துன்பப்பட்டிருக்கிறார்கள். ஒரு பிரெத்தோன் குடும்பத்தில் 12 பிள்ளைகள். எல்லோருக்கும் பிரெத்தோன் பெயர் வைத்ததால் அவர்களில் சிலரைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். பதிவு இல்லாததால் அந்தப் பிள்ளைகளுக்கான அரசுக் குடும்ப உதவித்தொகையும் இல்லை. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. 1966 தளர்வு வந்ததற்கு இப்படிப்பட்ட போராட்டங்கள்தான் பின்னணி.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 2017இல் கேம்பேர் நகரில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஃபாஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். எழுதும்போது ‘ந’ ஒலிக்கான எழுத்தின் மேல் ஒரு நெளிகோடு வரும். 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அனுமதித்த குறிகளில் அந்தக் கோடு இல்லை. கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்பின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஃபாஞ்ச் என்பது பிரான்சுவா என்ற பெயரின் பிரெத்தோன் சுருக்கம். பிரான்சுவா என்றால் பிரெஞ்சுக்காரன் என்றே பொருள். அந்தப் பொருளுள்ள பெயருக்கே பிரெஞ்சுக் குடியரசின் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகள் இழுபறி என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இன்று மாயெல் பிரெத்தாஞைத் தாண்டி நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2020, 2021இல் முதல் பத்துக்குள் இருந்தது. இதற்குக் காரணம் பிரெத்தோன் மொழிப்பற்று மட்டுமல்ல. கப்ரியேல், ரஃபாயெல், மாயெல் மூன்றையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டில் வரும் ‘எல்’ எபிரேயத்தில் கடவுள். மாயெல் பெயரிலோ அது கெல்ட்டிக் வேரின் மிச்சம். வேர் வேறு, ஓசை ஒன்று. பெற்றோர் காதால்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெண் பெயர்களில் இதே வேலையைச் செய்தது ‘ஆ’ என்ற முடிவு. லேயா, எம்மா எல்லாம் அப்படித்தான் ஏறின. லேயா எபிரேயப் பெயர், பொருள் ‘களைத்தவள்’ என்பார்கள். எம்மா ஜெர்மானியப் பெயர், ‘முழுமை’. பொருளைப் பார்த்து யாரும் லேயா என்று வைத்திருக்க மாட்டார்கள். ழாத் என்ற பெயர் பச்சை மணிக்கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல்லின் பெயரோ, விலா வலிக்கு மருந்து என்று நம்பி ஸ்பானியர் அதை ‘விலாக்கல்’ என்று அழைத்ததிலிருந்து கிளைத்தது. பசுமைதான் வேண்டும் என்றால் கிரேக்கத்திலிருந்து வந்த குளோயேயின் பொருள் இன்னும் நேரடியானது.

கெவின் கதை தனி. அயர்லாந்துப் புனிதர் ஒருவரின் பெயர். ‘அழகிய பிறப்பு’ என்று பொருள். 1991இல் பிரான்ஸில் சுமார் 14,000 ஆண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டு முதலிடம் பிடித்தது. அப்புறம் அதே வேகத்தில் சரிந்தது. உழைக்கும் வர்க்கக் குடும்பங்கள் அதிகம் விரும்பிய பெயர் என்பதால் அதன்மேல் ஓர் ஏளனம் படிந்தது, அது அநியாயமான ஏளனம். பள்ளி இறுதித் தேர்வில் உயர் சிறப்புநிலை பெற்றவர்களைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பார்த்துவந்த சமூகவியலாளர் பத்தீஸ்த் கூல்மோனின் கணக்குகளிலும் பெயர்களுக்கிடையே பெரிய இடைவெளி தெரியும். ஆனால் மதிப்பெண்ணைத் தருவது பெயர் அல்ல. அந்தப் பெயரைத் தேர்ந்த குடும்பத்தின் வசதியும் படிப்பும்தான் அங்கே வெளிப்படுகின்றன.

நம் பக்கம் வந்த பிரெஞ்சுத் தடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமி மரியாளின் காட்சி கண்டதாகச் சொன்ன ஊர் லூர்து. புதுச்சேரி வில்லியனூரில் லூர்து மாதா கோயில் எழுந்த பிறகு, லூர்துமேரி, லூர்துசாமி எல்லாம் தமிழ்ப் பெயர்களாகவே வேரூன்றிவிட்டன. பிரான்ஸில் பக்தியுள்ள பெற்றோர் எடுத்துக்கொண்டது ஊரின் பெயரை அல்ல, சிறுமியின் பெயரை.

சரி, எதை வைப்பது? பெண் குழந்தைக்கு என் தேர்வு மத்தில்து அல்லது லூயீஸ். வயது காட்டிக்கொடுக்காத பெயர்கள். ஆணுக்கு மாயெலைவிட யான். மாயெல் இந்த இருபதாண்டின் முத்திரையோடு நிற்கிறது. யான் சிறியது, தமிழ் நாவுக்கும் தடையில்லை. பிரான்ஸில் குழந்தை பிறந்த ஐந்து நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயர் குழந்தையின் நலனுக்குக் கேடு என்று பதிவாளருக்குத் தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார். இப்படித்தான் 2014இல் வலான்சியேன் நீதிமன்றம், ரொட்டியில் தடவும் சாக்லேட் பசையின் பெயரான ‘நுத்தெல்லா’வை ‘எல்லா’ என்று மாற்றியது. இரட்டைப் பெயர் வேண்டுமானால் நடுவில் இணைப்புக் கோட்டை மறக்காதீர்கள். கோடு இருந்தால் ஒரே பெயர், காற்புள்ளி இருந்தால் இரண்டு பெயர்கள். பின்னாளில் மாற்ற நினைத்தால், தகுந்த காரணம் இருக்கும்பட்சத்தில், 2016 நவம்பர்ச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றம் போகாமல் நகராட்சி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.