பிரிட்ஜ் மோடம்: எரியாத இன்டர்நெட் லைட்டும் ரீசெட் பட்டனும்

அலுவலக நண்பர் வீட்டில் இன்னும் டெலிபோன் லைனில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்புதான். மோடத்தை பிரிட்ஜ் மோடில் (லைன் சிக்னலை மாற்றிக் கொடுப்பதோடு மோடம் நிறுத்திக்கொள்ளும் முறை) போட்டுவிட்டு, மற்ற வேலைக்கு தனி ரூட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சில வருடங்களாக அப்படித்தான் ஓடுகிறது.

செட் பண்ணுவது பெரிய வேலை இல்லை. மோடத்தில் கம்பெனி சொன்ன விபிஐ, விசிஐ என்ற இணைப்பு அடையாள எண்களை (எங்களுக்கு 0, 35) அப்படியே விட்டுவிட்டு, பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் பண்ணும் முறை) இருந்த இடத்தில் பிரிட்ஜ் என்று மாற்றினேன். யூசர்நேம், பாஸ்வேர்டு ரூட்டருக்குப் போனது. இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்ததால் மோடத்தை 192.168.2.1-க்கு நகர்த்தினேன். எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1492 பைட். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்ளும்; இதைக் கவனிக்காமல் விட்டால் சில தளங்கள் பாதி திறந்து நின்றுவிடும்.

பலன் உடனே தெரிந்தது. மோடமும் ரூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ஐபி முகவரியை மாற்றும் இரட்டை நாட் ஒழிந்தது. நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் திணறிக்கொண்டிருந்த மோடம், ரூட்டர் வேலை கையை விட்டுப் போனதும் அமைதியாகிவிட்டது. வேகம் மட்டும் கூடவில்லை, கூடப்போவதுமில்லை. அதைத் தீர்மானிப்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரைக்கும் உள்ள காப்பர் கம்பியின் நீளமும் நிலைமையும்தான்.

என் கோபமெல்லாம் அந்த இன்டர்நெட் லைட்டின் மேல்தான். மோடமே டயல் பண்ணினால்தான் அது எரியும். பிரிட்ஜில் டிஎஸ்எல் லைட் நிலையாக நிற்கும், இன்டர்நெட் லைட் எரியவே எரியாது. மழைக்காலத்தில் லைன் இரைந்து புகார் கொடுத்தால், முதல் கேள்வியே "இன்டர்நெட் லைட் எரியுதா சார்?" இல்லை என்றால் மோடம் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் வந்தவர் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார். பிரிட்ஜ் செட்டிங் மொத்தமும் அழிந்துவிடும். ரூட்டர் டயல் பண்ணிக்கொண்டே இருக்கும், பதில் வராது. மோடத்தின் மேல் 'ரீசெட் செய்ய வேண்டாம்' என்று ஒட்டிய பிறகும் இது நடந்தது.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் சோதனை முறை சாதாரண மோடத்துக்கானது. கொட்டும் மழையில் டிபி பாக்ஸை (லைன்கள் வீடுகளுக்குப் பிரியும் பெட்டி) திறந்து நனைந்த ஜாயின்டை மாற்றிக் கொடுத்ததும் அதே லைன்மேன்தான்.

இப்போது ரூட்டரில் மோடம் இணையும் வான் போர்ட்டுக்கு 192.168.2.2 கொடுத்து, நாட் விதியும் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் எந்த போனிலிருந்தும் மோடத்தின் செட்டிங் பக்கம் திறக்கும். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மீதமிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கியதைக் காட்டினால், கோளாறு லைனில்தான் என்று பலர் ஒத்துக்கொள்கிறார்கள். செட்டிங்கையும் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். பகலில் அவர் வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், லைன்மேன் வந்தால் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நான் மட்டும் பழையபடி மோடத்தையே ரூட்டராக்கப் போவதில்லை.