ஆங்கில மெயிலில் கமா: வேர்டும் கிராமர்லியும் எதைப் பிடிக்கும், எதை விடும்?

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம்மாட்களுக்குக் கோடு எழுதுவதைவிட மெயில் எழுதுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஸ்பெல்லிங்கை எந்தச் சாஃப்ட்வேரும் பார்த்துக்கொள்ளும். கமா அப்படியில்லை. வேர்டில் உள்ள எடிட்டர் என்ற பிழைதிருத்தி, பிரவுசரில் அதே வேலையைச் செய்யும் கிராமர்லி, இரண்டையும் வருஷக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: கண்ணை உறுத்தும் கமாவை இவை பிடித்துவிடும், அர்த்தத்தையே மாற்றும் கமாவைக் கண்டுகொள்ளாது.

முதலில் செட்டிங். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் போய் ரைட்டிங் ஸ்டைல் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸைத் திறந்தால் கமா சம்பந்தமான டிக் பெட்டிகள் கிடைக்கும். ஆக்ஸ்போர்டு கமா, அதாவது பட்டியலில் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் வரும் கமா, இன்னும் கீழே, பங்சுவேஷன் கன்வென்ஷன்ஸ் பகுதியில் இருக்கும். வேறு இடத்திலிருந்து காப்பி பண்ணி ஒட்டிய பத்தியில் எடிட்டர் வாயே திறக்காவிட்டால் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பத்தியின் மொழி வேறாக இருக்கலாம், அல்லது சோதிக்காதே என்ற டிக் அதோடு கூடவே வந்திருக்கலாம். கண்ட்ரோல் ஏ அடித்து, ரிவ்யூவில் லாங்வேஜ் போய், மொழியை இங்கிலீஷ் இந்தியா ஆக்கி, அந்த டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கிராமர்லியிலும் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

இனி நம் கை வழக்கத்துக்கு வருவோம். தமிழில் எழுவாய் நீண்டுவிட்டால் ஒரு கமா போட்டு மூச்சு வாங்குவோம்: 'கிளையன்ட் நேற்று அனுப்பிய ரிப்போர்ட், திறக்கவில்லை.' அதே கை ஆங்கிலத்திலும் 'த ரிப்போர்ட் சென்ட் பை த கிளையன்ட் எஸ்டர்டே, இஸ் நாட் ஓப்பனிங்' என்று எழுதும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரவே கூடாது. இடையில் ஒரு செருகல் வந்தால் முன்னும் பின்னும் இரண்டு கமா, இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம். வாக்கியம் சின்னதாக இருந்தால் இரண்டு சாஃப்ட்வேரும் இதைப் பிடிக்கும். எழுவாய் நீள நீளக் கோட்டை விடும். 'ஆனால்,' என்று எழுதிப் பழகிய கை 'பட்,' என்றும் எழுதும். அங்கே கமா 'பட்'டுக்கு முன்னால், அதுவும் இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருந்தால்தான். 'ஹவெவர்' மட்டும் வாக்கியத் தொடக்கத்தில் வரும்போது தனக்குப் பின்னால் கமா கேட்கும்.

'சர்வர் இஸ் டவுன், வீ ஆர் செக்கிங்.' இது கமா ஸ்ப்ளைஸ். இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவால் ஒட்டுவது. முற்றுப்புள்ளியோ, செமிகோலனோ, 'அண்ட்'டோ போட்டால் தீர்ந்தது. இந்த மாதிரிச் சின்ன வாக்கியங்களில் இரண்டு சாஃப்ட்வேரும் கெட்டி, ஒரு நொடியில் கோடிட்டுக் காட்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஒரு ஹெச்ஆர் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: 'எம்ப்ளாயீஸ் ஹூ வர்க் ஃப்ரம் ஒயிட்ஃபீல்ட் வில் கெட் அ கேப்.' கமா இல்லை. பெங்களூரின் ஒயிட்ஃபீல்ட் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் கேப், அதாவது கம்பெனி கார். 'எம்ப்ளாயீஸ்'க்குப் பின்னால் ஒன்று, 'ஒயிட்ஃபீல்ட்'டுக்குப் பின்னால் ஒன்று போட்டுவிட்டால் எல்லா ஊழியருக்கும் கேப், எல்லாரும் ஒயிட்ஃபீல்டில்தான் இருக்கிறார்கள் என்று ஆகிவிடும். இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியம். நிர்வாகம் எதை நினைத்தது என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? நமக்கும் இது சட்டென்று உறைக்காது, ஏனென்றால் தமிழில் 'ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஊழியர்கள்' என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது, கமாவுக்கு அங்கே வேலையே இல்லை. சோதிக்க ஒரு வழி: 'ஹூ' அல்லது 'விச்' தொடங்கும் அந்தத் துண்டை விரலால் மூடிப் படியுங்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றி என்பது மாறாமல் நின்றால் இரண்டு கமா. மாறினால் கமா கூடாது.

'பிகாஸ்' இன்னொரு கண்ணி. 'வீ டிட் நாட் ஸ்டாப் த ரிலீஸ் பிகாஸ் த டெஸ்ட் ஃபெயில்ட்.' ரிலீஸை நிறுத்தவே இல்லையா, நிறுத்தியதற்குக் காரணம் வேறா? 'பிகாஸ்'க்கு முன்னால் கமா போட்டால் முதல் அர்த்தம் மட்டும் நிற்கும். ஆனாலும் 'நாட்' இருக்கிற வாக்கியத்தில் கமாவை நம்பாமல், இரண்டாக உடைத்து எழுதுவதே பத்திரம்.

கிராமர்லி ஒரு விஷயத்தில் தொல்லை. 'டுடே', 'இன் பெங்களூரு' என்று எது வாக்கியத்தைத் தொடங்கினாலும் பின்னால் கமா வை என்று நிற்கும். இரண்டு மூன்று சொல் தொடக்கத்துக்கு அது விருப்பம்தான், கட்டாயமில்லை. எல்லாவற்றையும் அக்செப்ட் பண்ணினால் மெயில் தடுக்கித் தடுக்கிப் போகும். ஆனால் 'இஃப்', 'வென்' என்று துணைவாக்கியம் முன்னால் வந்தால் சொன்னபடி கேளுங்கள். அதுவே பின்னால் வந்தால் பெரும்பாலும் கமா தேவைப்படாது.

அனுப்புமுன் வேர்டில் கண்ட்ரோல் எஃப் அடித்து 'பட்,' 'விச்', 'ஹூ', 'பிகாஸ்' நான்கையும் தேடிப் பார்த்துவிட்டால் சாஃப்ட்வேர் தவறவிடுவதில் பெரும்பங்கு சிக்கிவிடும். இதற்காகக் காசு கட்டி கிராமர்லியின் கட்டணப் பதிப்பை வாங்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வேர்டே போதும்.

கடைசியாக எண்களில் வரும் கமா. இதைப் பற்றி இரண்டு சாஃப்ட்வேரும் மூச்சு விடும் என்று நம்ப வேண்டாம். எக்செல், விண்டோஸின் ரீஜன் செட்டிங்கைப் பார்த்துத்தான் கமாவை வைக்கும். அதனால் இங்கே 12,34,567 என்று தெரிவது அமெரிக்கக் கிளையன்டின் லேப்டாப்பில் 1,234,567 என்று தானாக மாறிக்கொள்ளும். அதையே மெயிலில் ஒட்டினால் 12,34,567 வெறும் எழுத்தாக உறைந்துவிடும், அங்கே படிப்பவர் ஏதோ ஒரு இலக்கம் விட்டுப்போச்சு என்று திருப்பிக் கேட்பார். வெளிநாட்டுக்குப் போகிற மெயிலில் 1,234,567 என்று கையால் மாற்றுங்கள், அல்லது 1.23 மில்லியன் என்று எழுதிவிடுங்கள்.