கியோஸ் தீவின் மஸ்திக்: துளியாக வாங்கினால் மட்டுமே விலைக்குத் தகும்

கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வரும் மஸ்திக் பிசினை, பொடியாகவோ வாசனைச் சாறாகவோ அல்லாமல், மரத்திலிருந்து வழிந்து இறுகிய துளிகளாகவே வாங்க வேண்டும் என்பது சமையலில் அதைப் பயன்படுத்திப் பார்த்த பின் எனக்கு ஏற்பட்ட முடிவு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ரூமி மஸ்தகியும் இவ்வகைப் பிசினே. ஆயினும் உதிரியாக வாங்கும் பொட்டலத்தைப் பார்த்து அது விளைந்த இடத்தை அறிய வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பை (குறிப்பிட்ட இடத்தில் விளைந்த பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரை அனுமதிக்கும் ஏற்பாடு) 1997 இல் பெற்ற கியோஸ் மஸ்திக்கின் பெட்டியிலோ, சிவப்பும் மஞ்சளுமான முத்திரை அதற்கு உறுதி தருகிறது.

விலை அதிகம்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது விளைச்சல் முறையைப் பார்த்தால் புரியும். தீவின் தென்பகுதிக் கிராமங்களில், கோடையில் மரத்தடியைப் பெருக்கிச் சமன்செய்து, வெண்ணிறச் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, அதன் பிறகே பட்டையில் சிறு கீறல்கள் இடுகிறார்கள். சொட்டும் பிசின் அந்தத் தூளின்மேல் விழுந்து இறுகுவதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பொறுக்கிய துளிகளில் ஒட்டியுள்ள மண்ணையும் பட்டைத் துணுக்குகளையும் குளிர்காலத்தில் கையாலேயே நீக்குகிறார்கள். 1938 இல் உருவான விவசாயிகள் சங்கம் இந்தப் பிசினைச் சேகரித்து விற்கிறது. இந்த மரபறிவு 2014 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

சுவைக்கு வருவோம். வாயிலிட்டதும் நொறுங்கி, முதலில் சற்றுக் கசந்து, மெல்ல மெல்ல வெண்மையாகவும் மிருதுவாகவும் மாறும் இந்தத் துளியில், பைன் மரத்தையும் தேவதாருவையும் நினைவூட்டும் குளிர்ந்த மணம் நெடுநேரம் தங்குகிறது. கிரேக்கர்கள் ஈஸ்டர் ரொட்டியான சுரேகியிலும், கைமாக்கி எனும் ஐஸ்கிரீமிலும் இதைச் சேர்ப்பது பொருத்தமே, ஏனெனில் பாலின் கொழுப்பு அந்தக் கூர்மையைத் தணித்துவிடுகிறது. அளவு கூடினாலோ பண்டம் முழுவதும் வார்னிஷ் வாடை அடிக்கும். நால்வருக்கான பால் இனிப்புக்குச் சிறு துளிகள் இரண்டே போதும். இது நீரில் கரையாது, இடிக்கும்போது சூடேறினால் உரலில் அப்பிக்கொள்ளும். ஆகவே சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்து, ஒரு கரண்டிச் சர்க்கரையோடு சேர்த்து இடிக்க வேண்டும்.

மஸ்திக் சூயிங்கமும் மஸ்திக் எண்ணெயும் தனித்தனியே இதே பிறப்பிடப் பாதுகாப்பைப் பெற்றவை. சூயிங்கத்தில் எனக்குப் பிசினைவிடச் சர்க்கரையே முந்தித் தெரிந்தது. எண்ணெயைச் சமையலில் அளவறிந்து இடுவது கடினம். பெரிய துளிகள் மெல்லுவதற்கு ஏற்றவை. இடித்துச் சமைக்கப் போகிறவர்கள் அவற்றுக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.