"லைட் விண்டோஸ்" போட்டுத் தருகிறோம் என்றால், எதைக் கழற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள்

கொழும்பில் இப்போது பழைய லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குப் போகிறவர்கள் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பலருடைய கையில் இருப்பது அதற்கும் முந்தியது, அதுவும் ஊர்ந்து ஊர்ந்து ஓடுவது. இந்த நிலையில்தான் "லைட் விண்டோஸ் ஒன்று போட்டுத் தருகிறோம், பறக்கும்" என்ற பேச்சு வருகிறது. அதற்குக் காசு கொடுக்க முன் எனக்கு நடந்ததை வாசியுங்கள்.

நான் வெள்ளவத்தையில் வீட்டில் வைத்து சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வினாத்தாள் தயாரிப்பது, அச்சடிப்பது, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு சூமில் வகுப்பு எடுப்பது எல்லாமே ஒரே லெப்டொப்பில்தான். ஏழாம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்ட் டிஸ்க். காலையில் ஓன் பண்ணிவிட்டு தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை தயாராகாது.

பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியில் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயரை எழுதவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது தன் வழியில் நடக்கட்டும். அங்கிருந்த பையன் ஓன் பண்ணிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது விண்டோஸிட பாரம்தான். தேவையில்லாததெல்லாம் கழட்டிட்டு லைட் வேர்ஷன் ஒண்டு போட்டுத்தாறன், புதுசு மாதிரி ஓடும்" என்றான். "தம்பி, தமிழ் டைப்பிங், பிரிண்டர் எல்லாம் வேலை செய்யும்தானே?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கும் மிஸ், பயப்படாதீங்க." 7,500 ரூபா வாங்கினார்கள். பில்லில் "விண்டோஸ் சேர்விஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

வேகம் உண்மையாகவே வந்தது. இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது ரேமில் ஒரு ஜிபி கூடப் போகவில்லை. முன்பு எப்போதும் நூறு வீதத்தில் நின்ற டிஸ்க் அமைதியாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்த பழைய வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. பாமினியைத் திரும்பப் போடுவது சின்ன வேலை, சரி. ஆனால் யுனிகோடில் தட்டச்சுச் செய்யத் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் போனால், பட்டியலில் தமிழே இல்லை. லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துருவும் இல்லை. விண்டோஸ் 10-இல் லதா மேலதிக எழுத்துருவாக மைக்ரோசொஃப்டின் சேவையகத்திலிருந்து இறங்கவேண்டியது. இறங்குகிற வழியையே அடைத்திருந்தார்கள். பிரிண்டரைச் செருகினால் அச்சடிப்புக்கான ஸ்பூலர் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிக்கிற கணினியில் தமிழும் அச்சும் "தேவையில்லாதது" என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

சூம் வகுப்பில் இன்னொரு தொல்லை. குரோமும் சூமும் சேர்ந்து திறந்திருந்தால், நடுவகுப்பில் ஒன்று தானாக மூடிக்கொள்ளும். பிள்ளைகள் அங்கே காத்திருக்க, நான் இங்கே திரும்பத் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருப்பேன்.

என்னிடம் படித்து இப்போது மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். அவன் உட்கார்ந்து பார்த்தபோதுதான் முழுப் படமும் தெரிந்தது.

மூடிக்கொண்டதற்குக் காரணம், வேர்ச்சுவல் மெமரியை அணைத்திருந்தார்கள். ரேம் நிரம்பும்போது விண்டோஸ் டிஸ்கில் கொஞ்ச இடத்தை எடுத்துச் சமாளிக்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அதை அணைத்தால் போக வேறு இடமில்லை, செயலி விழத்தான் செய்யும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பெட்டி. விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபென்டரைப் பிடுங்கியிருந்தார்கள். விண்டோஸ் அப்டேட்டும் இல்லை. பதிப்பு 20எச்2 என்று காட்டியது. வீட்டுக்கான ஹோம், தொழிலுக்கான புரோ என்ற விண்டோஸ் வகைகள் இரண்டுக்கும் அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2022 மே 10-ஆம் திகதியே முடிந்துவிட்டது. நான் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதில் இருந்தது கடைசிப் பதிப்பான 22எச்2. அதாவது பல வருடப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கழித்துவிட்டு, வைரஸ் காவலும் இல்லாமல், நான் வங்கிக் கணக்குப் பார்க்கிற கணினியை என் கையில் தந்திருக்கிறார்கள். வீட்டைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவுப் பூட்டையும் கழற்றிக்கொண்டு போன வேலை இது.

எனக்கு மிகவும் கோபம் வந்தது உரிமம் விஷயத்தில். இந்த லெப்டொப் விண்டோஸ் ஹோமோடு வந்தது, அதற்கான விலையையும் சேர்த்துத்தான் வாங்கினேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கிற லெப்டொப்களில் அந்த உரிமச் சாவியை மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள். திரும்ப எத்தனை முறை அதே ஹோமை நிறுவினாலும் அது தானாக எடுத்துக்கொள்ளும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அதை விட்டுவிட்டு திருட்டு விண்டோஸ் புரோ ஒன்றைப் போட்டிருந்தார்கள். செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தால், உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் செயற்படுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஏது நிறுவனம்? இது பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளில் விண்டோஸைச் செயற்படுத்தும் கேஎம்எஸ் முறையைப் போலியாகச் செய்து காட்டுகிற வேலை. உண்மையான கேஎம்எஸ்ஸில் ஒரு தடவை செயற்படுத்தினால் 180 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்கவேண்டும். இந்தப் போலிகள் பின்னணியில் ஒரு நிரலை ஓடவிட்டு அதைத் தொடர்ந்து புதுப்பிக்கின்றன. அந்த நிரல் வேறு என்ன செய்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

அதோடு, தொலைவிலிருந்து கணினியை இயக்குகிற மென்பொருள் ஒன்று, நான் அனுமதி கொடுக்காமலே உள்ளே வரக்கூடிய கடவுச்சொல்லோடு, கணினி தொடங்கும்போதே ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. அன்றே போனிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். கடையில் கேட்டபோது, "பிரச்சினை வந்தா வீட்ட வராமலே பாக்கலாம்தானே மிஸ்" என்றார்கள். யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும் மாட்டோம் என்றார்கள்: வேகம் கேட்டீர்கள், வேகம் தந்தோமே! அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம் என்பதை இப்படியான கடைக்காரர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

விண்டோஸை இளைக்கவைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. என் மாணவன் பிறகு செய்ததும் அதுதான், ஆனால் நோயைப் பார்த்துச் செய்தான். அப்டேட், டிஃபென்டர், தேடலுக்கான அட்டவணை, அடிக்கடி திறக்கும் செயலிகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சிஸ்மெயின் எல்லாமே டிஸ்கை வாசிப்பவை. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே சுழலும் தட்டு. வாசிக்கும் முனை அங்குமிங்கும் நகர்ந்து தேடவேண்டும், ஒரே நேரத்தில் நாலு பேர் கேட்டால் திணறிவிடும். கடைக்காரர்கள் அந்த நாலு பேரின் வாயை அடைத்தார்கள். மாணவன் டிஸ்கை மாற்றினான். சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்தான் எஸ்எஸ்டி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்று செக்கனுக்கு 500 எம்பி அளவில் வாசிக்கும், பழையது 100 எம்பியை ஒட்டித்தான். அதைவிட முக்கியம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி நகரவேண்டிய பாகமே எஸ்எஸ்டியில் இல்லை.

ரேமை 8 ஜிபி ஆக்கினான். மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்தே இறக்கிய மீடியா கிரியேஷன் டூலால் பென் டிரைவ் செய்து ஹோமை நிறுவினான், உரிமம் தானாக வந்துவிட்டது. கணினியோடு தொடங்கும் செயலிகளில் தேவையற்றதை டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினான். இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வருகிறது, எதையும் பிடுங்கவில்லை, தமிழும் பிரிண்டரும் இருக்கின்றன. பதிப்பு மீண்டும் 22எச்2 ஆனதால், 2026 ஒக்டோபர் 13 வரையான நீடித்த பாதுகாப்புத் திட்டத்திலும் மைக்ரோசொஃப்ட் கணக்கால் பதிய முடிந்தது. கடைக்காரர் போட்ட 20எச்2-இல் அந்தத் திட்டமே கிடையாது. அதற்குப் பிறகும் இதே கணினி வேண்டும் என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம் என்கிறான். அது உண்மையாகவே குறைந்த வளத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் ஒழுங்காக வரும்.

உங்கள் கணினியையும் யாராவது இப்படி "லைட்" ஆக்கித் தந்திருந்தால் இன்றைக்கே மூன்று இடம் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் பதிப்பு இலக்கம். அக்டிவேஷன் பக்கத்தில் நிறுவனம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் நீங்கள் போடாத தொலைவு இயக்க மென்பொருள். அது இருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள், என்ன செய்தார்கள் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். பில்லின் பிரதி, பதிப்பு இலக்கம், அக்டிவேஷன் பக்கம், வெள்ளைப் பெட்டியாகத் திறந்த செக்யூரிட்டித் திரை எல்லாவற்றையும் படமெடுத்து என் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். கணினியைத் திரும்ப நிறுவுவதற்கு முன் இந்தப் படங்களை எடுத்துவைக்க மறக்காதீர்கள், பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது.