தன்னுருவ ஓவிய ஆன்லைன் வகுப்பு: பாடம் நன்று, விளம்பரம் ஓவர்

மன அழுத்தத்துக்கு மருந்து என்கிற தோரணையில் விற்கிறார்கள், அதை நம்பிச் சேர வேண்டாம். ஆனால் ஓவிய வகுப்பாகப் பார்த்தால் உருப்படியான சரக்கு. டச்சு ஓவியர் வான் கோ காதில் கட்டோடு 1889-இல் வரைந்த தன்னுருவப் படத்துக்கே ஒரு பாடம்: அவர் வெட்டிக்கொண்டது இடது காது, கண்ணாடி பார்த்து வரைந்ததால் வலது காதில் கட்டு இருப்பதுபோலத் தெரிகிறது. அல்சைமர் என்கிற மறதி நோய் வந்த பிறகும் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலன் பற்றிய பகுதிதான் உச்சம், படத்துக்குப் படம் முகம் கலைந்துபோவதை வரிசையாக வைத்துக் காட்டுகிறார்கள். தன்னுருவ ஓவியங்களுக்கே பேர்போன மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவை ஏனோ அவசரமாகத் தாண்டிவிட்டார்கள். அப்புறம், கண்ணுக்குக் கீழுள்ள நிழலைக் கரியால் தேய்த்துக் கொண்டுவரும் பயிற்சி அருமை, மனசு கொஞ்சம் அடங்கத்தான் செய்கிறது. ஆனால் வரையும்போது கலங்கிப்போனால் யாரிடம் பேசுவது என்று ஒரு வார்த்தை இல்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.