நான்கு வருடம் ஃப்ளூரோகார்பன், இப்போது மறுபடியும் தங்கூஸ்

கூட மீன்பிடிக்க வரும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, புது ரீல் வாங்கிட்டேன். பாஸுக்கு எந்த லைன் சுத்துறது? நீங்க வருஷக்கணக்கா ஃப்ளூரோதானே போடுறீங்க, அதையே போட்டுடவா?"

பாஸ் என்பது நன்னீரில் வாழும் வேட்டை மீன், லைன் என்பது தூண்டில் நரம்பு. ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் "போடு" என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இடையில் நடந்தது தெரிந்தால்தான் என் பதில் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கோல் ஏழடி, நடுத்தர விறைப்பு. அதில் 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். நான்கு வருடமாக அதில் 8 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் லைன் மட்டும்தான். தவளை இரை வீசுவதற்கென்று இன்னொரு கோலில் 50 பவுண்டு பிரெய்டு, அதாவது பல இழை பின்னிய லைன், இருக்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அடர்ந்த பாசிக்குள் புகுந்த மீனைக் கொடியோடு சேர்த்துப் பிடுங்கி எடுக்க அதை விட்டால் வேறு லைன் கிடையாது.

முதலில் ஃப்ளூரோவுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கும் மேல். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பது ஃப்ளூரோதான், சந்தேகமில்லை. ஆனால் நெருக்கம் என்பது வேறு, தெரியவே தெரியாது என்பது வேறு. கலங்கிய தண்ணீரில் இந்த வித்தியாசத்தால் எனக்கு ஒரு மீன்கூடக் கூடுதலாக விழுந்ததாக நினைவில்லை.

என்னை நான்கு வருடம் கட்டிப்போட்டது அதன் எடை. தண்ணீரோடு ஒப்பிட்டால் நைலானின் அடர்த்தி 1.14, பிரெய்டு செய்யும் பாலிஎத்திலீன் இழை 0.97, ஃப்ளூரோ 1.78. பிரெய்டு மிதக்கும், நைலான் யோசித்து யோசித்து இறங்கும், ஃப்ளூரோ சட்டென்று மூழ்கிவிடும். காற்றடிக்கும் நாளில் இதன் அருமை தெரியும். மற்ற லைன்கள் காற்றில் வில்லாக வளைந்து நிற்கும்போது இது கோல் நுனியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி இரை வரை நேராகக் கிடக்கும். முள் நுனியைப் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக்கில் பிளாஸ்டிக் புழுவை அடித்தரையில் மெதுவாக இழுக்கும்போது ஆட்காட்டி விரலை லைன் மேல் லேசாக வைத்துக்கொள்வேன். கூழாங்கல் என்றால் கொறகொறவென்று வரும். மரக்கிளை என்றால் ரப்பரைப் போல் இழுத்துக்கொடுத்து விடும். சேறு என்றால் ஒன்றுமே தெரியாது, கனம் மட்டும் கூடும். ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் குண்டு போட்ட பிறகு இது இன்னும் துல்லியமானது. அதே எடைக்கு டங்ஸ்டன் அளவில் சிறியது, கடினமானது, கல்லில் தட்டுவது விரலில் வந்து நிற்கும்.

பாஸுக்கு இந்த உணர்வு ஏன் அவசியம் என்றால், அது இரையைக் கடித்து இழுக்கிற மீன் இல்லை. வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். நம் கைக்கு வருவது ஒரே ஒரு 'டிக்'. சில நேரம் அதுவும் கிடையாது, லைன் பக்கவாட்டில் ஒரு சாண் நகரும், அவ்வளவுதான். அந்த ஒரு 'டிக்'கை நான்கு வருடம் எனக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது இந்த லைன். அதை மறக்க மாட்டேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

கடந்த சீசன் நடுவில் அறுபட ஆரம்பித்தது. முதல் தடவை மூழ்கிய மரம் ஒன்றின் ஓரம். விடியற்காலை, காற்றே இல்லை. புழு கிளையைத் தாண்டி இறங்கியதும் லைன் மெல்ல வலது பக்கம் நகர்ந்தது. தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டுச் சுண்டினேன். கோல் முழுசாக வளைந்தது, கனமான தலை ஒன்று இடம் வலமாக உதறுவது தெரிந்தது. அடுத்த நொடி 'பட்'. கோல் நிமிர்ந்து நின்றது. லைன் காற்றில் சுருள் சுருளாகத் திரும்பி வந்தது. மரத்தில் உரசியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் மரமும் இல்லாத கல்லும் இல்லாத வெறும் மணல்தரையில் அதேபோல் போனது. அப்புறம் இரண்டு வாரம் கழித்து மறுபடியும்.

அறுபட்ட லைனை எறிந்துவிடாமல் முனையைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். முனை பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சுத்தமாகத் துண்டாகியிருந்தால் கூர்மையான ஏதோ வெட்டியிருக்கிறது, அல்லது தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டிருக்கிறது. சொரசொரப்பாக, வெளுத்துப்போய் இருந்தால் எங்கோ உரசித் தேய்ந்திருக்கிறது. பாஸின் வாயில் வெட்டும் பல் கிடையாது. உப்புக்காகிதம் போன்ற சிறு பற்கள்தான், அதனால்தான் கட்டைவிரலை உள்ளே விட்டு உதட்டைப் பிடித்துத் தூக்க முடிகிறது. அது லைனைத் தேய்க்கும், ஒரே உதறலில் அறுக்காது. என் கையில் இருந்த முனையோ வெளுத்துச் சொரசொரத்திருந்தது. அதற்கு மேலே ஒரு முழம் வரை விரல் நகத்தை ஓட்டினால் அங்கங்கே தடுக்கியது.

லைன் தரமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். புதிதாக ஒரு சுருள் மாற்றினேன். முடிச்சையும் சந்தேகப்பட்டு இம்ப்ரூவ்டு கிளிஞ்சை விட்டு பாலோமருக்கு மாறினேன். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்து, நிதானமாக இழுத்துக் கட்டினேன். ஃப்ளூரோவை உலர்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கினால் உரசல் சூட்டிலேயே முடிச்சருகில் பலம் போய்விடும். இன்னொன்றும் செய்தேன்: எங்காவது மாட்டிக்கொண்டு பலமாக இழுக்க நேர்ந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். ஃப்ளூரோ இழுபடாது என்பது முழு உண்மை இல்லை. பலமாக இழுத்தால் நன்றாகவே நீளும், நீண்டது நைலான் அளவுக்குப் பழைய நிலைக்குத் திரும்பாது. இவ்வளவும் செய்து இரண்டு தடவை நிம்மதியாகப் போனது. மூன்றாவது தடவை மறுபடியும் 'பட்'. ஐந்தாவது மீனும் போன அன்று கரையிலேயே உட்கார்ந்து முழு லைனையும் உருவி எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டேன்.

அதற்குப் பதில் மெல்லிய 15 பவுண்டு பிரெய்டைச் சுற்றினேன். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொண்டு அதன் மேல்தான் பிரெய்டு வர வேண்டும், இல்லையென்றால் வழவழப்பான ஸ்பூலில் மொத்தமாக வழுக்கிச் சுழலும். ஒரே ஒரு நாள்தான் போய் வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் புத்தம்புது பிரெய்டின் முன்பகுதியில் பஞ்சு மாதிரி நுண்ணிய இழைகள் எழுந்து நிற்கின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வேறு லைன், ஒரே காயம்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து, கோலில் லைன் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றினேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. நுனி வளையத்தில் மட்டும் ஒரு பஞ்சிழை சிக்கி நின்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பீங்கான் உள்வளையத்தில், கீழ்ப்பக்கத்தில், தலைமுடியை விட மெல்லிய கீறல். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, லைனுக்கோ அது கத்தி. வீசும்போதும் சுற்றும்போதும் ஒவ்வொரு தடவையும் அதன் மேல்தான் ஓடியிருக்கிறது.

பழுது பார்ப்பது சின்ன வேலைதான். நுனி வளையம் சூட்டில் இளகும் பசையில்தான் ஒட்டியிருக்கும். லைட்டர் தீயை உலோகக் குழாய்ப் பக்கம் மட்டும் சில நொடி காட்டி, இடுக்கியால் நேராக உருவினால் வந்துவிடும். கார்பன் கோலில் தீ படக் கூடாது. பாகத்துக்காகக் காத்திருந்ததுதான் நீண்டது. குழாயின் உள்விட்டம் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்குக் கணக்கில் வரும், ஒரு பங்கு கூடினாலும் ஆடும், குறைந்தாலும் ஏறாது. நான் முதலில் வரவழைத்தது ஏறவில்லை.

அந்த இரண்டு வார இடைவெளியில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. பரணில் கிடந்த பழைய கோலை எடுத்தேன். அதன் ரீலில் 10 பவுண்டு தங்கூஸ் சுற்றினேன், சாதாரண நைலான் நரம்பு. வீட்டில் அதுதான் மீதமிருந்தது, அதனால்தான். தண்ணீருக்கு மேல் இடமும் வலமுமாக நடக்கும் டாப்வாட்டர் இரையைக் கட்டி, அந்தி நேரத்தில் கோரை ஓரமாக வீசினேன்.

நான்கு வருடமாக டாப்வாட்டரில் எனக்கு அதிர்ஷ்டமில்லை என்றே நினைத்திருந்தேன். ஃப்ளூரோ மூழ்கிக்கொண்டே இருக்கும் அல்லவா, இரையின் மூக்கையும் கீழே இழுத்துவிடும், நடை கெட்டுவிடும். தங்கூஸில் இரை நிமிர்ந்து, சளக் சளக் என்று தானாக நடந்தது. அதைவிடப் பெரிய விஷயம் அதன் இழுவை. தண்ணீர் வெடித்து மீன் எழும்பியதும் பதறிப்போய்ச் சுண்டுவது என் பழைய பழக்கம். அவ்வளவாக இழுபடாத லைனில் அப்படிச் சுண்டினால் இரை மீனின் வாய்க்குள் போவதற்கு முன்பே வெளியே வந்துவிடும். தங்கூஸ் கால் பங்கு வரைகூட நீளும். நான் பதறினாலும் அது பதறவில்லை. மீனுக்கு அரை நொடி கிடைத்தது, அது வாயை மூடிக்கொண்டு திரும்பியது, முள் தானாக ஏறியது. கரைக்கு அருகில் குதித்துத் தலையை உதறியபோதும் மும்முள் கிழித்துக்கொண்டு வரவில்லை. அன்று எழும்பிய நான்கில் மூன்று கைக்கு வந்தன. சுற்றச் சுற்ற ஆழத்துக்கு இறங்கும் கிராங்க்பெயிட் இரைக்கும் இதே குணம் உதவுகிறது. ஆனால் நைலான் கொஞ்சம் தடிமன் என்பதால் இரை அவ்வளவு ஆழம் இறங்காது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கூஸின் குறைகளும் எனக்குத் தெரியும். தண்ணீரை உறிஞ்சும், ஊறிய பிறகு பலம் குறையும். வெயிலில் கிடந்தால் உளுத்துப்போகும், சீசனுக்கு ஒரு தடவையாவது மாற்றியே ஆக வேண்டும். அடித்தரையில் புழு இழுக்கும்போது அந்த 'டிக்' பாதிதான் வந்து சேர்கிறது. மறுக்கவில்லை.

சாதனை மீன்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்சு. 77 வருடம் கழித்து, 2009-இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்சு அளவுக்குத்தான் அதிகம். பழையதை முறியடிக்க 2 அவுன்சு வேண்டும் என்பதால் இரண்டும் சமம் என்றே பதிவானது. பெர்ரி அந்த மீனைப் பிடித்தபோது உலகத்தில் நைலானே கிடையாது. டுபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது 1938-இல்தான். லைன் விஷயத்தில் குழம்பும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்குத் தெம்பு தரும்.

புது நுனி வளையம் மாட்டியாகிவிட்டது. பஞ்சுக்குச்சி வழுக்கிக்கொண்டு போகிறது. நியாயமாகப் பார்த்தால் ஃப்ளூரோவைத்தான் மறுபடி சுற்ற வேண்டும். அந்த ஐந்து மீனும் போனதற்கு அதன் மேல் துளிக் குற்றமும் இல்லை. அடித்தரை வேலைக்கு இன்றும் அதுதான் சிறந்தது என்றுதான் சொல்வேன். ஆனாலும் சுற்றவில்லை. சுண்டும் நேரத்தில் கை ஒரு நொடி தயங்குகிறது, இன்னொரு 'பட்' கேட்குமோ என்று. அந்தத் தயக்கத்தோடு பாஸ் பிடிக்க முடியாது. இப்போது தவளைக் கோலைத் தவிர மற்ற இரண்டு கோலிலும் தங்கூஸ்தான்.

தம்பிக்கும் அதையே சொன்னேன். "முதல் சீசன் 8 பவுண்டு தங்கூஸ் சுத்து. முடிச்சு பழகும், டிராக் பழகும். அதுக்கு முன்னாடி உன் கோலோட வளையத்தை எல்லாம் பஞ்சுக்குச்சி விட்டுப் பாரு."

நேற்று அவன் ரீலைக் கொண்டுவந்தான். சுருளை வெந்நீரில் கொஞ்சம் நேரம் போட்டு எடுத்தேன், சுருளும் புத்தி குறையட்டும் என்று. ஈரத்துணிக்குள் லைனை அழுத்திப் பிடித்தபடி நான் நிற்க, அவன் சுற்றினான். ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்தச் சொன்னேன். மீன் பலமாக இழுத்தால் லைனை நழுவவிடும் டிராக்கைத் தராசு மாட்டி இழுத்து, 2 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே நழுவும்படி வைத்தோம். மேசை ஓரத்தில் இருந்த ஃப்ளூரோ சுருளைப் பார்த்துவிட்டு, "அப்ப இது வேண்டாமாண்ணே?" என்றான். "இருக்கட்டும், உனக்கு லைன் முனையில லீடர் துண்டு கட்டத் தெரிஞ்சதும் வந்து வாங்கிக்கோ" என்று சொல்லி உள்ளே எடுத்து வைத்தேன்.