வகுப்பறைக்கு அக்ரிலிக் உண்டியல்: வாங்கலாமா?

காசு சேர்த்து, யாருக்குக் கொடுப்பதென்று பிள்ளைகளே முடிவெடுக்கும் வகுப்புக்கு மூன்று அறை கொண்ட இந்த உண்டியல் நன்றாகவே உதவும். காசு ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவதில்லை. குறை அடிப்பகுதியில்தான்: வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் நிரம்பியபின் தூக்கினால் மூலையில் விரிசல் விடும்; நாணயத்தின் கனம் அப்படி. வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தொகை ஒத்துப்போன பிறகே நோட்டில் எழுதவேண்டும்.

அறைக்கொரு தொண்டு அமைப்பின் பெயரை ஒட்டி, எதில் காசு அதிகம் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதிகம் காசு கொண்டுவரும் பிள்ளையே முடிவெடுத்ததாகிவிடும், அது சரியல்ல. காசெல்லாம் ஒன்றாகச் சேரட்டும். வாக்கு தலைக்கு ஒன்று. எண்ணி எடுத்தபின் அறைகளைத் தாளால் மறைத்தால் இதுவே வாக்குப்பெட்டி. பூட்டு உறுதி, ஆனால் சாவி ஒன்றுதான் தருகிறார்கள்.